அமெரிக்காவில் கியூபா உணவகங்களும் ரொட்டிக்கடைகளும்

கியூபாவிலிருந்து 1860களின் இறுதி தொடங்கி அலையலையாக வெளியேறிய மக்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிறுவிய உணவகங்கள், ரொட்டிக்கடைகள், காபிக்கடைகள் ஆகியவற்றின் வரலாறு இது. புளோரிடா மாநிலத்தின் கீ வெஸ்ட், டம்பா, மயாமி ஆகிய ஊர்களில் இக்கடைகள் வேரூன்றின. பின்னர் நியூ ஜெர்சியின் யூனியன் சிட்டி, நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் வரை பரவின. ஒவ்வொரு குடியேற்றமும் தான் புறப்பட்ட காலத்துக் கியூபாவைக் கையோடு கொண்டுவந்தது. ஆகவே அசல் கியூபா உணவைத் தேடுபவர், அது எந்தக் காலத்து, எந்தப் பகுதிக் கியூபாவின் உணவு என்றும் கேட்க வேண்டும்.

தீவின் சமையல்

கியூபாவின் பூர்வகுடிகளான தாயினோ மக்கள் மரவள்ளி, சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம் ஆகியவற்றைப் பயிரிட்டனர். மரவள்ளியைத் துருவி, நச்சுச் சாற்றைப் பிழிந்து நீக்கி, அவர்கள் சுட்ட தட்டையான அப்பம் கசாபே. இதைச் செய்யும் மரபை யுனெஸ்கோ 2024இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஸ்பானியர் பன்றி, மாடு, அரிசி, பூண்டு, புளிப்பு ஆரஞ்சு ஆகியவற்றைக் கொண்டுவந்தனர். கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாக இழுத்துவரப்பட்ட ஆப்பிரிக்கர் வெண்டைக்காய்க் குழம்பையும், வாழைக்காயை வேகவைத்து மசிக்கும் ஃபுஃபுவையும் தந்தனர். 1847 முதல் 1874 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர் வறுத்த சோற்றைச் சேர்த்தனர். இத்தனை கைகள் பட்ட சமையல் என்பதால்தான், கியூப அறிஞர் பெர்னாண்டோ ஓர்டிஸ் தம் நாட்டின் பண்பாட்டைக் கிழங்குகளும் இறைச்சியும் ஒன்றாகக் கொதிக்கும் அஹியாக்கோ குழம்புக்கு ஒப்பிட்டார்.

வெங்காயம், பூண்டு, பச்சைக் குடைமிளகாய், தக்காளி ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி, சீரகமும் ஓரிகானோவும் பிரிஞ்சி இலையும் சேர்க்கும் சோஃப்ரிட்டோதான் இச்சமையலின் அடித்தளம். பூண்டையும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றையும் கலந்த மோஹோ, வறுத்த பன்றிக்கும் வேகவைத்த மரவள்ளிக்கும் மேலே ஊற்றப்படும். வெப்பமண்டல உணவாக இருந்தும் இதில் மிளகாய்க் காரம் இல்லை.

டம்பா: சுருட்டும் ரொட்டியும்

ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக 1868இல் மூண்ட பத்தாண்டுப் போர், சுருட்டு முதலாளிகளையும் தொழிலாளரையும் கடல் கடக்கச் செய்தது. ஹவானாவிலிருந்து கீ வெஸ்ட் தீவுக்குத் தொழிலை மாற்றிய விசென்ட் மார்ட்டினெஸ் ஈபோர், 1885இல் டம்பாவை அடுத்து நிலம் வாங்கி ஈபோர் சிட்டியை உருவாக்கினார். அங்கே கியூபரும் ஸ்பானியரும் சிசிலியிலிருந்து வந்த இத்தாலியரும் ஒரே தொழிற்கூடத்தில் சுருட்டு சுற்றினர். ஆனால் தென் மாநிலங்களின் நிறப்பாகுபாட்டுச் சட்டங்களால் கறுப்பினக் கியூபர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொள்ள நேர்ந்தது.

இம்மக்களுக்கு நாள்தோறும் ரொட்டி வேண்டியிருந்தது. சிசிலியரான பிரான்சிஸ்கோ பெர்லிட்டா 1896இல் தொடங்கிய ரொட்டிக்கடையின் கட்டடம் இன்று ஈபோர் சிட்டி அருங்காட்சியகமாக உள்ளது. ஸ்பெயினின் கட்டலோனியாவிலிருந்து படைவீரராகக் கியூபாவுக்குச் சென்று, அங்கே கியூபா ரொட்டியை அறிந்த ஹுவான் மொரே 1915இல் நிறுவிய லா செகுந்தா சென்ட்ரல், அவருடைய வாரிசுகளால் இன்றும் நடத்தப்படுகிறது. கியூபாவிலிருந்து வந்த கசிமிரோ எர்னாண்டஸ் 1905இல் தெருமுனையில் தொடங்கிய கொலம்பியா, புளோரிடாவின் மிகப் பழைய உணவகமாக நிலைத்திருக்கிறது.

கியூபா ரொட்டி ஏறத்தாழ ஒரு கஜ நீளம் கொண்டது. கோதுமை மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு ஆகியவற்றோடு சிறிது பன்றிக் கொழுப்பும் சேர்த்துப் பிசைவார்கள். டம்பாவில் மாவின்மேல் பால்மெட்டோ என்னும் குட்டைப் பனையின் ஓலைக் கீற்றை நீளவாக்கில் வைத்து அடுப்பில் இடுவார்கள். அந்தக் கோட்டில் மேலோடு பிளந்து விரியும். மேலோடு மெல்லியதாக நொறுங்கும். உள்ளே பஞ்சாக இருக்கும். ஒரே நாளில் காய்ந்துவிடுவதால் இதைத் தினமும் சுட வேண்டும். ஈபோர் சிட்டியில் விடியற்காலையில் வீட்டு வாசலில் அடித்த ஆணியில் ரொட்டியைக் குத்திவிட்டுப் போகும் வழக்கமும் இருந்தது.

மயாமி: 1959க்குப் பின்

பிடல் காஸ்ட்ரோவின் புரட்சி 1959இல் வென்றபின், சொத்துகளை இழந்த வணிகரும் நடுத்தர வர்க்கத்தினரும் மயாமிக்கு வந்தனர். 1965 முதல் 1973 வரை இயங்கிய ‘விடுதலை விமானங்கள்’ இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்தன. 1980இல் மாரியல் துறைமுகத்திலிருந்து படகுகளில் ஏறத்தாழ 1,25,000 பேர் வந்தனர். வாடகை குறைந்திருந்த தென்மேற்கு 8ஆம் தெருவின் சுற்றுப்புறம் லிட்டில் ஹவானா ஆனது. அத்தெருவுக்கு ஸ்பானிய வழக்கில் காயே ஓச்சோ என்று பெயர்.

பெலிப்பே வால்ஸ் 1971இல் அத்தெருவில் திறந்த வெர்சாய் உணவகம், நாடிழந்தோரின் பொது மன்றமாக வளர்ந்தது. தேர்தல் வந்தாலும், ஹவானாவில் தலைவர் மறைந்தாலும், மக்கள் முதலில் திரண்டது அதன் வாசலில்தான். நார்நாராகப் பிரிந்த மாட்டிறைச்சியைத் தக்காளிச் சாற்றில் வேகவைத்த ரோப்பா வியேஹா, அரைத்த இறைச்சியில் ஆலிவ் காயும் உலர்திராட்சையும் சேர்த்த பிக்கடியோ, கறுப்பு அவரை, வெள்ளைச் சோறு, வறுத்த பழுத்த வாழை ஆகியவை இத்தகைய உணவகங்களின் அன்றாடத் தட்டு.

சாண்ட்விச்

கியூபா சாண்ட்விச் எங்கே பிறந்தது என்பதில் டம்பாவும் மயாமியும் நெடுங்காலமாக வாதிடுகின்றன. பன்றித்தொடை இறைச்சி, மோஹோவில் ஊறி வறுபட்ட பன்றி, சுவிஸ் பாலாடைக்கட்டி, வெள்ளரி ஊறுகாய், கடுகு விழுது ஆகியவற்றை ரொட்டிக்குள் அடுக்கி, சூடான இரும்புத் தட்டுகளுக்கிடையே அழுத்துவது பொது முறை. டம்பாவில் இவற்றோடு சலாமியும் சேரும். அருகில் வாழ்ந்த இத்தாலியரின் பங்கு அது என்பர். மயாமி அதை ஏற்பதில்லை. 2012இல் டம்பா நகரமன்றம் சலாமியுடன் கூடிய வடிவத்தைத் தன் நகரின் அடையாள உணவாக அறிவித்தது. ஹவானாவிலோ இதையொத்த உணவு மிக்ஸ்தோ என்ற பெயரில் ஓட்டல்களில் விற்றது. இனிப்பான முட்டை ரொட்டியில் இதே பொருள்களை வைத்தால் அது மெதியநோச்சே. இரவுக் கேளிக்கைக்குப் பின் உண்ணும் சிற்றுணவு.

காபிச் சன்னலும் பேழையும்

மயாமி கடைகளின் தெருப்பக்கச் சுவரில் இடுப்புயரத்தில் திறக்கும் சன்னல் வெந்தனீத்தா எனப்படும். அதைப் பரப்பிய பெருமை வால்ஸுக்கே சேர்க்கப்படுகிறது. இயந்திரத்திலிருந்து சொட்டும் முதல் கெட்டி டிகாக்‌ஷனைச் சர்க்கரையோடு விரைந்து அடித்து வெளிர்நுரையாக்கி, மீதிக் காபியை அதன்மேல் ஊற்றினால் கஃபெசித்தோ. சிறிது பால் சேர்ந்தால் கொர்த்தாதித்தோ. நான்கைந்து பேருக்கான காபியை ஒரே கோப்பையில் வாங்கி, கூடவே தரும் விரலளவுக் குவளைகளில் பகிர்ந்தால் கொலாடா. அலுவலகத்தில் ஒருவர் வாங்கிவந்து எல்லாருக்கும் ஊற்றுவது அந்நகரத்தின் பிற்பகல் ஒழுக்கம்.

சன்னலுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பேழையில் பஸ்தெலித்தோ இருக்கும். இது கொய்யா ஜாம் அல்லது கொய்யாவும் பாலாடைக்கட்டியும் வைத்து அடுப்பில் சுட்ட அடுக்குப் பண்டம். பன்றித்தொடை இறைச்சியை வெண்சாந்தில் குழைத்து உருட்டிப் பொரித்த குரோக்கெத்தா, இறைச்சி பொதிந்த உருளைக்கிழங்கு உருண்டை ஆகியவையும் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். கியூபாவில் வேலையிழந்தபின் வீட்டிலேயே கேக் செய்து குடும்பத்தைக் காத்த ரோசா போர்டோ, 1976இல் லாஸ் ஏஞ்சலிஸில் கடை திறந்தார். போர்டோஸ் ரொட்டிக்கடை இன்று தென் கலிபோர்னியா முழுவதும் அறிந்த பெயர். நியூயார்க்கில் கியூபச் சீனர் நடத்திய கடைகள் வறுத்த சோற்றையும் கறுப்பு அவரையையும் ஒரே தட்டில் பரிமாறின. அவற்றுள் புகழ்பெற்ற லா கரிதாத் 78, 1968 முதல் 2020 வரை இயங்கியது.

தீவில் நிகழ்ந்தவை

அதே காலத்தில் தீவின் அடுப்புகள் வேறு பாதையில் சென்றன. 1962இல் அமெரிக்க வணிகத் தடையும் ரேஷன் புத்தகமும் வந்தன. 1968இல் தெருவோரத் தின்பண்டக் கடைகள் உள்ளிட்ட சிறுதொழில்கள் அனைத்தும் அரசுடைமையாயின. இறைச்சியை வடையாகத் தட்டி, மேலே மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல் தூவிய ஃபிரிட்டா, ஹவானாத் தெருக்களில் அருகி மயாமியில் தழைத்தது இதனால்தான். தொலைக்காட்சியில் நாற்பதாண்டுக்கும் மேல் சமையல் கற்பித்த நிட்சா வில்லாபோல், கிடைக்கும் பொருளைக் கொண்டே சமைக்க மக்களுக்கு வழிகாட்டினார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் உணவுத் தட்டுப்பாடு கடுமையானது. அதன் பிறகே வீட்டு உணவகங்களுக்கு அனுமதி கிடைத்தது. பலாதார் எனப்படும் அவற்றுக்குத் தொடக்கத்தில் 12 இருக்கைகளே வரம்பு. மாட்டிறைச்சியும் சிங்கிறாலும் விலக்கு. 2011இல் வரம்பு 50 ஆனது.

அசலை அறிதல்

நல்ல கடையை அறிய முதல் சோதனை ரொட்டி. அன்றே சுட்டதாக, விரலால் அழுத்தினால் மேலோடு நொறுங்குவதாக இருக்க வேண்டும். அடுத்தது அவரை: தனியே நெடுநேரம் வெந்து சோஃப்ரிட்டோவோடு கெட்டிப்பட்டதா என்று பார்க்கலாம். சோறும் அவரையும் சேர்ந்து வெந்த உணவு, சமையற்காரரின் ஊரையும் சொல்லும். கறுப்பு அவரையிட்ட மோரோஸ் ஹவானாப் பக்கத்து வழக்கு. சிவப்பு அவரையிட்ட கொங்ரீ, சந்தியாகோவை உள்ளடக்கிய கிழக்கு மாகாணத்து வழக்கு. வார நாள்களில் கிழமைக்கு ஒன்றாக மாறும் சிறப்பு உணவைக் கேட்பது, அச்சிட்ட பட்டியலைவிட நல்ல வழி. வீட்டுச் சமையல் அதில்தான் இருக்கும்.

2021க்குப் பின் லட்சக்கணக்கான கியூபர் அமெரிக்கா வந்துள்ளனர். அரசு உணவகங்களில் வளர்ந்த தடித்த கியூபா பீட்சா அவர்களின் குழந்தைப் பருவத்து உணவு. மயாமியை அடுத்த ஹயலியாவில் அதற்கெனவே கடைகள் இருக்கின்றன. 1959க்கு முந்தைய சமையல் மட்டுமே அசல் என்றால் இந்த மக்களின் வாழ்வு கணக்கில் வராமல் போய்விடும். டம்பாவின் சலாமி, மயாமியின் ரோப்பா வியேஹா, ஹயலியாவின் பீட்சா ஆகிய மூன்றும் கியூபர் தம் கையால் சமைத்து, தம் பிள்ளைகளுக்கு ஊட்டிய உணவே. அவற்றைத் தேடிச் செல்பவர், கடைக்காரர் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தார் என்று கேட்டு உண்டால், தட்டில் இருப்பதன் வரலாறும் விளங்கும்.