காது காத்த ஊமைப்படம்

சிறு வயதில் தொலைக்காட்சியிற் கண்ட ஊமைப்படம் ஒன்றை நாற்பது ஆண்டு கழித்துத் தேடப் புகும் ஒருவருக்கு அதில் எது நினைவிருக்கும்? காட்சி என்றுதான் கருதுவோம். பிரிட்டனிலோ, பலருக்கு நினைவிருப்பது ஒரு பாட்டு!

உயர்ந்த கட்டடத்தின் மேல் கடிகார முள்ளைப் பற்றித் தொங்கும் மூக்குக்கண்ணாடிக்காரரை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். அவர் ஹெரால்டு லாயிட். படம், 1923-இல் வெளிவந்த ‘சேஃப்டி லாஸ்ட்’. லாயிட் 1971-இல் மறைந்தார். பின்னர் டைம்-லைஃப் நிறுவனத்தார் அவருடைய படங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, விளக்கம் சொல்ல ஒருவரை அமர்த்தி, புதிய இசையும் சேர்த்து, லாயிடுக்கு வாழ்த்துக் கூறும் முகப்புப் பாடல் ஒன்றையும் பொருத்தினர். பி.பி.சி. இதனை ஒளிபரப்பியது. பாட்டு நெஞ்சிற் பதிந்தது. படங்களின் பெயர்கள் மறந்து போயின. வானொலியில் பேசும் எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. கண்ணுக்கென்றே பிறந்த கலையைக் காதல்லவா காத்து வைத்திருக்கிறது!

ஆகவே, இன்று அந்தப் படத்தைச் செப்பனிட்ட முழுப் பிரதியிற் காண்பவர், “நான் கண்டது இதுவன்று” என்றால், அவர் நினைவைப் பழித்தல் கூடாது. ஊமைப்படத்திற்கென்று சொந்த ஒலி கிடையாது. கொட்டகைதோறும் பியானோவோ இசைக்குழுவோ வாசித்ததே அதன் இசை. வேகமும் நிலையானதன்று. நொடிக்கு 16, 18, 20 என எடுத்த படங்களைப் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் 25 என்ற கணக்கில் அப்படியே ஓட்டினால், நடப்பவன் ஓடுவான், ஓடுபவன் பறப்பான். ஒரே படம் இரு முறை ஒளிபரப்பானால், அவை ஏறத்தாழ இரு படங்களே.

படம் பிழைத்திருக்கிறது, காணாமற் போனது அந்த மாலையின் ஒளிபரப்பு. அதனைத் தேடுவது எங்ஙனம்? ‘ரேடியோ டைம்ஸ்’ என்னும் நிகழ்ச்சிப் பத்திரிகையின் 1923 முதல் 2009 வரையிலான நிரல்களை, பி.பி.சி. 2014-இல் ‘ஜீனோம்’ என்ற பெயரில் இணையத்தில் வைத்தது. தேதியும் மணியும் அதிற் கிட்டும். எனினும் அச்சேறிய நிரல், நிகழவிருந்ததைக் கூறுமேயன்றி நிகழ்ந்ததைக் கூறாது. ஐ.டி.வி.யோ மண்டலத்துக்கு ஒரு கம்பெனியாக இயங்கியது. லண்டனில் கண்டதை அதே மாலை மான்செஸ்டரிலும் கண்டிருக்க வேண்டும் என்பதில்லை. மேலும், 1960-களிலும் 70-களிலும் பல நிகழ்ச்சி நாடாக்கள் அழிக்கப்பட்டு, மறுபதிவுக்குப் பயன்பட்டன. வீட்டு வீடியோ நாடா பரவிய பின்னரே, அறிவிப்பாளர் குரலோடு கூடிய சாட்சியம் யாரோ ஒருவரின் பரணிற் கிடக்க வழி பிறந்தது.

கெவின் பிரௌன்லோவும் டேவிட் கில்லும் செய்த தொண்டு வேறு வகையானது. 1980-இல் ஆபெல் கான்ஸின் ‘நெப்போலியன்’ படம், கார்ல் டேவிஸின் இசைக்குழுவோடு லண்டனிற் காட்டப்பட்டு, பின்னர் சேனல் ஃபோர் தொலைக்காட்சிக்கும் வந்தது. இசையும் வேகமும் அங்கே மதிப்புப் பெற்றன. அவர்கள் முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும், நறுக்கப்பட்ட பழைய லாயிடைக் குப்பை என்று தள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

சாப்ளினின் ‘கோல்டு ரஷ்’ படத்தைக் கேளுங்கள். 1925-ஆம் ஆண்டுப் படம் முத்தத்தில் முடியும். 1942-இல் சாப்ளினே எழுத்தட்டைகளை நீக்கித் தம் குரலைச் சேர்த்தபொழுது, முத்தத்தையும் வெட்டிவிட்டார். முத்தம் உண்டு என்பவரும் இல்லை என்பவரும் வாதாடினால், படத்தில் யாரேனும் பேசினரா என்று முதலிற் கேட்க வேண்டும்.