எட்டு மாசப் பிள்ளை

"ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது." எங்கள் பக்கத்துப் பாட்டிமார்கள் சொல்லும் இந்தப் பேச்சை என் வயதுக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் இது வெறும் பேச்சாக இல்லை. ஒரு தீர்ப்பாகவே இருந்தது.

1963 ஆடி மாதம். திருவையாற்றுக்குக் கிழக்கே எங்கள் கிராமம். எனக்கு எட்டு வயது. பதினெட்டாம் பெருக்கன்று அம்மா வயிற்றுப் பிள்ளையோடு படித்துறைக்குப் போய்ப் புதுத் தண்ணீருக்கு விளக்கு விட்டு வந்தாள். நாலாம் நாள், எட்டாம் மாதத்திலேயே, தங்கை பிறந்தாள். பிறந்ததும் அழுதாள். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே குழிந்தது, முனகினாள். இரண்டாம் நாள் விடியுமுன் போய்விட்டாள். "பிள்ளைத்தாச்சி ஆத்தங்கரைக்குப் போகலாமா? காத்துக் கருப்பு பட்டுடுச்சு" என்று அப்பாயி சொன்னார். அம்மா பதில் பேசவில்லை. அதன் பிறகு அவள் பெருக்குக்கு ஆற்றுப் பக்கம் போனதேயில்லை.

வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல வருஷம் கழித்துத்தான் ஒன்றைப் படித்தேன். அதே 1963 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் பேட்ரிக். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அதே மூச்சுத் திணறல். பாஸ்டனின் பெரிய மருத்துவர்கள் சூழ்ந்திருந்தும் 39 மணி நேரத்தில் இறந்துபோனது. வெள்ளை மாளிகைப் பிள்ளைக்கும் எங்கள் திண்ணை வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாமல் போனது ஒரே பொருள்தான். அது ஒரு கொழுப்பு.

கொழுப்பு என்றாலே நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் நெய், எண்ணெயில் இருக்கும் எளிய கொழுப்பு வேறு, உடம்பைக் கட்டும் கூட்டுக் கொழுப்பு வேறு. 1840-களில் பிரான்சின் கோப்லே முட்டை மஞ்சள் கருவிலிருந்து பாஸ்பரஸ் கலந்த ஒரு கொழுப்பைப் பிரித்தார். அதற்கு லெசித்தின் என்று பெயர் வைத்தார். கிளிசராலில் இரண்டு கொழுப்பு அமிலங்கள் வால் போலத் தொங்கும். மூன்றாவது இடத்தில் பாஸ்பேட்டும் கோலினும் சேர்ந்த ஒரு தலை இருக்கும். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வால்களுக்குப் பிடிக்காது. நட்ட வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்றின் வேர் தண்ணீரில், தாள் காற்றில். தண்ணீர்ப் பரப்பில் லெசித்தினும் அப்படித்தான் வரிசையாக நிற்கும். இரண்டு வரிசை வாலோடு வால் சேர்ந்து நின்றால் அதுதான் நம் ஒவ்வொரு செல்லுக்கும் சுவர்.

நுரையீரலில் கோடிக்கணக்கான சிற்றறைகள். உள்ளே ஈரம். நனைந்த வேட்டி காலோடு ஒட்டுவது போல, அந்த ஈரம் ஒவ்வொரு மூச்சு விடும்போதும் அறைகளைச் சுருக்கி ஒட்டவைக்கப் பார்க்கும். லெசித்தின் வரிசைதான் அந்த இழுவிசையைக் குறைத்து அறையைத் திறந்து வைக்கிறது. கருவில் இது போதிய அளவு சேர ஏறக்குறைய 34, 35 வாரம் ஆகும். அதற்கு முன் பிறக்கும் பிள்ளை ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சு போலப் போராடி இழுக்க வேண்டும்.

இதை 1959-ல் கண்டு சொன்னவர்கள் மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீடும். இருவரும் பாஸ்டனில் ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள். பேட்ரிக் இறந்ததும் அதே ஊரில்தான், நாலு வருஷம் கழித்து. காரணம் தெரிந்திருந்தது, மருந்து இல்லை. அதே ஹார்வர்டில்தான் 1925-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் போன எல்லாப்பிரகட சுப்பாராவ், ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து பாஸ்பரஸை நிறம் வைத்து அளக்கும் முறையைக் கண்டார். இந்தப் பாஸ்பரஸ் கொழுப்புகளை அளக்க அந்த முறைதான் பிற்பாடு வெகுவாக உதவியது.

இன்னொரு கூட்டுக் கொழுப்பு ஸ்பிங்கோமைலின். நரம்புகளுக்கு உறை போடுவதில் அதற்கும் பங்கு உண்டு. மூளையிலிருந்து இந்த இனத்தைப் பிரித்த துடிக்கம் என்ற மருத்துவர், அது விடுகதையாக இருந்ததால் 1884-ல் ஸ்பிங்க்ஸின் பெயரை வைத்தார். நம் சிவன் கோயில்களில் வாகனமாக வரும் புருஷாமிருகத்துக்கு உறவுக்காரர் மாதிரி! 1971-ல் பனிக்குட நீரில் லெசித்தின், ஸ்பிங்கோமைலினைப் போல இரண்டு மடங்கு இருந்தால் நுரையீரல் முதிர்ந்துவிட்டது என்று கணிக்க வழி கண்டார்கள். 1972-ல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹௌவி இருவரும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று காட்டினார்கள். 1980-ல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த கொழுப்பைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் விட்டு மூச்சுத் திணறலைத் தணித்தார்.

2004-ல் என் மகளுக்கு 33-வது வாரத்தில் வலி கண்டது. தஞ்சாவூரில் சேர்த்தோம். ஊசி போட்டார்கள். பேரன் பிறந்ததும் பால் போன்ற அந்த மருந்தைக் குழாய் வழியாக விட்டார்கள். நீலம் பாய்ந்திருந்த உதடு சிவந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இன்று அவன் ஆறடி உயரம்.

அந்தப் பழமொழி தவறு. கிரேக்க மருத்துவர்களும் இதையே நம்பியிருக்கிறார்கள். ஆனால் கருவில் கூடும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். தங்கை ஏன் முன்னதாகப் பிறந்தாள் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறந்தபின் ஏன் தங்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது.

அன்றிரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் இதையெல்லாம் நாற்றையும் வேட்டியையும் வைத்து அம்மாவுக்குச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்போ நான் ஆத்துக்குப் போனதால இல்லையாடா?"

"இல்லம்மா."

அடுத்த ஆடிப் பெருக்குக்கு, நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு படித்துறையில் இறங்கினாள். இரண்டு விளக்கு விட்டாள்.