ஆஸ்பெர்கர் என்றொரு பெயர்

பள்ளியில் சேர்த்த முதல் நாளே, இவனுக்குப் பாடம் சொல்லித்தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஆறு வயதுப் பையன். 120-இல் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு என்று கேட்டால் உடனே 80 என்பான். 3-இலிருந்து 5 போனால்? பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு. எதிர்ம எண்களை அவனுக்கு யாரும் கற்றுத் தந்ததாகத் தெரியவில்லை. வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹன்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக எழுதிய நான்கு பையன்களில் இவன் ஒருவன். அவர்களிடம் கண்ட தன்மைக்கு 'ஆட்டிஸ்டிக் சைக்கோபதி' என்று பெயர் வைத்தார்.

அமெரிக்காவில் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய கானரின் கட்டுரை உலகம் சுற்றியது. ஆஸ்பெர்கரின் ஜெர்மன் கட்டுரையைச் சீந்துவாரில்லை. (இத்தகைய பையன்களைப் பற்றி மாஸ்கோவின் மனநல மருத்துவர் குரூன்யா சுகரேவா 1920-களிலேயே எழுதிவிட்டார். அவர் பெயரை யாரும் எதற்கும் சூட்டவில்லை.)

அந்தக் கட்டுரையைத் தூசி தட்டி எடுத்தவர் லோர்னா விங். லண்டன் மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளுக்குத் தாய். கானர் வகுத்த வரையறைக்குள் அடங்காத, ஆனால் உதவி தேவைப்படும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பதை அவர் கண்டிருந்தார். 1981-இல் 34 பேரைப் பற்றி எழுதியபோது, 'சைக்கோபதி' என்றால் சமூக விரோதி என்று அர்த்தமாகிவிடும் என்பதால் 'ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்' என்றார். ஆட்டிசத்தின் நீண்ட வரிசையில் இவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

நடந்தது தலைகீழ். 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்-4 அதைத் தனி நோயாக்கியது. இரண்டு வயதுக்குள் ஒற்றைச் சொற்களும் மூன்று வயதுக்குள் சிறு தொடர்களும் பேசியிருந்தால் ஆஸ்பெர்கர். பேச்சு தாமதமானால் அந்தப் பெயர் கிடையாது. முப்பது வயது ஆள் எதிரே உட்கார்ந்திருப்பார். அவர் முதல் வார்த்தை எப்போது பேசினார் என்று அம்மாவின் ஞாபகத்தைக் கிளறித்தான் பெயர் வைக்க வேண்டும். நல்ல விதி!

விதி நிலைக்கவில்லை. 12 பல்கலைக்கழக மையங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்த உளவியலாளர் கேதரின் லார்டின் குழு, ஒருவருக்கு எந்தப் பெயர் கிடைத்தது என்பது அவருடைய தன்மையைவிட அவர் எந்த மையத்துக்குப் போனார் என்பதையே பொறுத்திருந்ததாகக் கண்டது. 2013-இல் டிஎஸ்எம்-5 எல்லாப் பெயர்களையும் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற ஒன்றுக்குள் கொண்டுவந்து, தேவைப்படும் உதவியை மூன்று நிலைகளாகப் பிரித்தது. ஆனால் தங்களை 'ஆஸ்பி' என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர்களுக்கு அது வெறும் நோய்ப்பெயர் அல்ல, பலர் கொதித்தார்கள்.

ஆஸ்பெர்கருக்கு நாஜிகளோடு இருந்த தொடர்பு அம்பலமானதால்தான் அவர் பெயரை எடுத்தார்கள் என்று இன்று சிலர் சொல்வது தவறு. வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக்கின் ஆய்வுக் கட்டுரை வந்ததே 2018-இல்தான். மூன்று வயது நிரம்பாத ஒரு சிறுமியை 1941-இல் 'அம் ஷ்பீகெல்குருண்ட்' என்ற நாஜி கால மருத்துவமனையில் நிரந்தரமாகச் சேர்க்கச் சொல்லி ஆஸ்பெர்கர் எழுதியனுப்பியதை அது எடுத்துக்காட்டியது. இரண்டே மாதத்தில் சிறுமி இறந்துபோனாள். அந்த மருத்துவமனையில் மாண்ட குழந்தைகள் 789 பேர். இதைப் படித்தபின் அந்தப் பெயரைத் தாங்களாகவே கைவிட்டவர்கள் உண்டு.

2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப்பட்டியலிலும் ஆஸ்பெர்கர் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், இரவுபகலாகக் கூடவே ஆள் இருக்க வேண்டியவர்களுக்கென்று 'புரொஃபவுண்ட் ஆட்டிசம்' என்ற புதுப் பெயரை முன்வைத்திருந்தது. தங்கள் பிள்ளை பெரிய கூட்டத்தில் காணாமல் போகிறது என்று குமுறிய பெற்றோர் பலர் அதை வரவேற்கிறார்கள். மறுபடியும் பிரிக்கப் பார்க்கிறீர்களா என்று ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு சாரார் சண்டைக்கு வருகிறார்கள்.