கூரையில் ஒரு காவற்காரன்

"நெருப்பில்லாமல் புகையாது" என்று ஒரு பழமொழி உண்டு. ஊர் வம்பு பேசுகிறவர்கள் அதைத் தங்களுக்கே சொந்தமாக்கிக் கொண்டுவிட்டதால், அதன் நேரான பொருளை நாம் ஏறக்குறைய மறந்து போனோம். நேரான பொருள் மிகவும் பயனுள்ளது. புகை முன்னால் வருகிறது. நெருப்பு பின்னால் வருகிறது. முன்னால் வருகிறவனை அடையாளம் கண்டுகொண்டவன் பிழைத்தான். கண்டுகொள்ளாதவனைப் பற்றி மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வந்தது.

மனிதன் வீடு கட்டத் தொடங்கிய நாளிலிருந்து இந்த அடையாளம் காணும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பது பெரிய பிரச்சினையாகவே இருந்து வந்திருக்கிறது. நம் ஊர்களில் அதற்குத் தனியாக ஆள் வைத்தது கிடையாது. தேவையும் இருக்கவில்லை. கோடைக் காலத்தில் ஊரே வாசலிலும் திண்ணையிலும் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கும். யாராவது ஒரு கிழவருக்குத் தூக்கம் வராது. யாராவது ஒரு குழந்தை அழும். ஏதாவது ஒரு நாய் குரைக்கும். ஒரு கூரையில் பொறி விழுந்தால் அடுத்த நிமிஷம் தெரு முழுவதும் குடத்தோடு கிணற்றடியில் நிற்கும். பட்டணத்துப் பெரியவர்கள் 1908-ஆம் ஆண்டில் சென்னைக்கு ஒரு தீயணைக்கும் படையை ஏற்படுத்திக் கொண்டார்கள். கிராமத்துக்கு அண்டை வீட்டுக்காரனே தீயணைக்கும் படை. அவன் மூக்கே அபாய மணி.

ஆனால் கூரை நெருப்புக்கு ஒரு குணம் உண்டு. அது யாருக்கும் அவகாசம் கொடுப்பதில்லை. உலர்ந்த கீற்று பற்றிக்கொண்டால், முதலில் புகை, பிறகு ஜுவாலை என்ற மரியாதையெல்லாம் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. இரண்டும் கைகோத்துக் கொண்டு வரும். இதற்கு நம் தமிழ்நாடு கொடுத்திருக்கும் விலையைக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

1997 ஜூன் 7-ஆம் தேதி தஞ்சைப் பெரிய கோவிலில் குடமுழுக்குக்காகப் போட்ட யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. இறந்தவர்கள் 48 பேர். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி அதிகாலையில் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கீற்றுக் கொட்டகை எரிந்தது. இறந்தவர்கள் 28 பேர். அவர்களில் சிலராவது விழித்திருக்கக்கூடும். விழித்து என்ன செய்வது? 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கலியாண மண்டபத்துக் கூரைப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம். காசிராமன் தெருப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்த இடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. அன்று போன குழந்தைகள் 94 பேர்.

ஏழு ஆண்டுகளில் நான்கு நெருப்பு. கூட்டிப் பார்த்தால் 220 உயிருக்குக் குறையாது. நான்கிலும் கூரை ஒன்றுதான்: கீற்று, ஓலை, பந்தல். நான்கும் ஆட்கள் நடமாடுகிற இடத்திலேயே நடந்தவை. 'நெருப்பு' என்று கத்துவதற்கு ஆள் இல்லாமல் அவர்கள் சாகவில்லை. ஓடுவதற்கு வழியில்லாமல் செத்தார்கள். ஏர்வாடியில் சங்கிலி. கும்பகோணத்தில் குறுகலான ஒற்றைப் படிக்கட்டு. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் இனிமேல் சொல்லப் போகிற யந்திரத்துக்கு இது ஓர் எல்லைக் கோடு.

அந்த யந்திரத்தை நான் நன்றாகக் கண்டு பழகியது வடக்கனந்தலில். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே போனால் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்தில் 1960-களில் கட்டிய கோமுகி அணை, கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்பு. மலைக்கு மேலே மலையாளி மக்களின் ஊர்கள். 1976 வரையில் அந்த மலை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது என்றால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். மேலே புல் வேய்ந்த வீடுகள். கீழே கீற்றும் கரும்புத் தோகையும் வேய்ந்த வீடுகள். இப்போது இரண்டு இடத்திலும் சிமெண்டுக் கூரை வேகமாகப் பெருகி வருகிறது.

அங்கே என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், ஒரு மாடி வீடு கட்டியிருக்கிறார். வெளியூரில் வேலையாக இருக்கும் அவருடைய மகன் ஐந்து புகை மணிகளை அனுப்பியிருந்தான். கம்பியில்லாத வகை. சின்ன வட்டில் அளவு, வெள்ளை நிறம். சுவரைக் குடைந்து கம்பி இழுக்க வேண்டியதில்லை, மின்கலத்தில் ஓடும். ஒன்று புகையைக் கண்டு அலறினால், மற்ற நான்கும் வானொலி அலையில் அந்தச் செய்தியை வாங்கிக் கொண்டு கூடவே அலறும்.

நண்பரின் தாயாருக்கு எண்பதுக்கு மேல் வயது. அந்த வெள்ளை வட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏந் தம்பி, பொகையக் கண்டாக் கத்துமா இது?"

"ஆமாம், அம்மா."

"நல்லாருக்குதே! எங்க காலத்துல பொகையில்லாத வூட்டக் கண்டாத்தான் கத்தணும். அடுப்பு எரியல, சோறு இல்லன்னு அர்த்தம்."

நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. அந்த அம்மாள் சொன்னதற்குள் ஒரு முழுச் சரித்திரமே அடங்கியிருந்தது. நம் வீடுகளில் புகை என்பது ஆபத்தின் அடையாளமாக இருக்கவில்லை. ஜீவனத்தின் அடையாளமாக இருந்தது. விறகுப் புகை கூரை வழியாகக் கசிந்து போகும். போகிற வழியில் கூரையைப் பூச்சி அரிக்காமல் காக்கும். அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்ட விதைக் கதிரை வண்டு தொடாமல் காக்கும். அப்படிப்பட்ட வீட்டில் இந்த யந்திரத்தை மாட்டினால் காலையில் கத்தத் தொடங்கி இரவு வரையில் கத்திக் கொண்டிருக்கும். ஆகவே புகை மணி நம் நாட்டு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால், புகை நம் சமையலறையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2006-இல் அமைந்த அரசின் இலவச எரிவாயு அடுப்பும், 2016-இல் வந்த மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் அதைப் பெருமளவு செய்தன. குடிசைகளைச் சிமெண்டு வீடுகளாக மாற்றும் திட்டம் ஒன்று 2010-இல் தமிழ்நாட்டில் தொடங்கிற்று. அடுப்பும் மாறி, கூரையும் மாறிய பிறகு, நெருப்பும் தன் குணத்தை மாற்றிக் கொண்டது.

எப்படி என்று சொல்கிறேன். சிமெண்டுக் கூரை எரியாது. ஆனால் அதன் கீழே மெத்தை இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, இரவெல்லாம் மின்சாரம் குடிக்கும் சாமான்கள் இருக்கின்றன. கொசுவுக்காகவும் குளிருக்காகவும் சாத்திய ஜன்னல்கள் இருக்கின்றன. இங்கே நெருப்பு மெதுவாகக் கனன்று, முதலில் நச்சுப் புகையை அனுப்புகிறது. தூங்குகிறவனை மூக்கு எழுப்பாது. நாம் தூங்கும்போது மூக்கும் தூங்கிவிடுகிறது. 2022 மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில் இரவு மின்னேற்றத்துக்கு மாட்டியிருந்த மின்சார இருசக்கர வண்டி தீப்பற்றிற்று. தகப்பனும் மகளும் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது புகை. 1997 ஜூன் 13-ஆம் தேதி தில்லி உபகார் திரையரங்கில் மாண்ட 59 பேரையும் பெரும்பாலும் புகைதான் கொன்றது. அண்டை வீட்டுக்காரனுடைய மூக்கு இந்தப் புகைக்கு உதவாது. அவனும் கதவைச் சாத்திக் கொண்டு படுத்திருக்கிறான்.

இந்த யந்திரம் பிறந்த கதை வேடிக்கையானது. 1930-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தில் வால்ட்டர் யேகர் என்ற பௌதிக விஞ்ஞானி விஷவாயுவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்து பார்த்தார். விஷவாயுவைக் காட்டினார், கருவி அசையவில்லை. மனம் சலித்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். உடனே முள் அசைந்தது! விஷவாயுவுக்கு வைத்த பொறியில் புகை அகப்பட்டது. அவருடைய நாட்டவரான எர்னஸ்ட் மெய்லி அதைச் செம்மைப்படுத்தினார். ஆனால் விலை அதிகம். தொழிற்சாலைகளும் பெரிய கட்டடங்களும்தான் வாங்க முடிந்தது. 1965-இல் அமெரிக்காவில் டுவேன் பியர்சால், ஸ்டான்லி பீட்டர்சன் என்ற இருவர் மின்கலத்தில் ஓடும் சிறு கருவியை உருவாக்கினார்கள். 1970-களில் அது சாதாரணக் குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்தது.

கருவியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் கதிர்வீச்சுள்ள மிகச் சிறிய துணுக்கு, காற்றில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும், புகை நுழைந்தால் ஓட்டம் குறையும், மணி அடிக்கும். இது கொழுந்துவிட்டு எரியும் தீயைச் சீக்கிரம் அறியும். மற்றொன்றில் ஓர் இருட்டறை. அதில் ஓர் ஒளிக்கற்றை. பக்கத்தில் ஒரு மின் கண். ஒளி அந்தக் கண்ணில் படாதபடி போகும். புகை வந்தால் ஒளி சிதறிக் கண்ணில் விழும். கனலும் தீக்கு இதுவே மேல். படுக்கையறைக்கும் ஏற்றது. நண்பரின் மகன் அனுப்பியவற்றில் நான்கு இந்த வகை. ஐந்தாவது சமையலறைக்காக, புகையைப் பாராமல் வெப்பத்தை மட்டும் பார்ப்பது. தாளிக்கிற வீட்டில் புகை மணியைச் சமையலறையில் வைத்தால், கடுகு வெடிக்கும் போதெல்லாம் அதுவும் வெடிக்கும்.

மாட்டுவதற்கு வந்த மின்வேலைக்காரத் தம்பி, "நடுவுல, காத்தாடிக்குப் பக்கத்துல வெச்சா அழகா இருக்கும் சார்" என்றார். அழகாகத்தான் இருக்கும். ஆனால் காற்றாடி புகையை அடித்துத் துரத்திவிடும். அதன் இறக்கை முனையிலிருந்து மூன்றடியாவது தள்ளியிருக்க வேண்டும். சுவரும் கூரையும் சந்திக்கும் மூலையிலும் கூடாது. அங்கே காற்று தேங்கிப் புகை எட்டாமல் போகும். சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கூரையில் வைப்பது நல்லது. குளியலறைக் கதவருகே வைத்தால் நீராவியைப் புகை என்று எண்ணிக் கூச்சலிடும். பூஜை அறைக்கும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் வீட்டில் பக்தி நிற்காது. கொசுவர்த்திச் சுருளுக்கும் இதே கதி. ஒரு முறை வீணாகக் கத்திவிட்டால், மறுமுறை யாராவது மின்கலத்தைக் கழற்றிக் கடிகாரத்துக்குப் போட்டுவிடுவார்கள். அப்புறம் கூரையில் இருப்பது வெறும் அலங்காரம்.

படுக்கையறை இரண்டிலும் ஒவ்வொன்று, கூடத்தில் ஒன்று என்று முடிவாயிற்று. நான்காவதை மாடிப்படியின் மேல் முனையில் வைக்க வேண்டும்; புகை மேலே ஏறுவதற்குப் படிக்கட்டைப் போல வசதியான வழி வேறில்லை. அதற்காக ஏணி போட்டபோதுதான் நண்பரின் மகளுடைய மின்சார வண்டி மாடிப்படிக்குக் கீழே நிற்பதைக் கவனித்தோம். இரவு பத்து மணிக்கு மேல் அங்கேதான் மின்னேற்றம். மாடியில் அந்தப் பெண்ணும் குழந்தையும் படுக்கிறார்கள். இறங்குவதற்கு அந்தப் படி ஒன்றுதான் வழி. நண்பர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வண்டியைத் தள்ளிக் கொண்டு போய் வெளியே மாட்டுக் கொட்டகைக்கு எதிரே, சுவர் ஓரமாக நிறுத்தினார். மணியை எங்கே வைப்பது என்று தேடப் போய், நெருப்பு எங்கிருந்து வரக்கூடும் என்று தெரிந்துகொண்டோம். ஐந்து மணிகளின் விலையும் அந்த ஒரு நிமிஷத்திலேயே அடைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றிற்று.

கடைசியில் கூடத்து மணியின் பொத்தானை அழுத்தினோம். ஐந்தும் ஒன்றாக வீறிட்டன. தெரு நாய் ஓட்டம் பிடித்தது. காது மந்தமான அந்தப் பெரிய அம்மாளே உள்ளறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "இது தூங்குறவங்களுக்குத்தானே? எனக்கு ஏது தூக்கம்? நானே பாத்துக்குவேன்" என்றார்.

மேல்நாடுகளில் இது சட்டமாகவே ஆகிவிட்டது. 2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்து 72 பேர் இறந்த பிறகு, ஸ்காட்லாந்து விழித்துக்கொண்டது. 2022 பிப்ரவரி முதல் அங்கே ஒவ்வொரு வீட்டிலும் புகை மணிகளும், சமையலறையில் வெப்ப மணியும், ஒன்றோடொன்று இணைந்தபடி இருக்க வேண்டும். நம் நாட்டில் பெரிய கட்டடங்களுக்கு விதிகள் உண்டு. கும்பகோணத்தை முன்னிட்டுப் போடப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரல் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் தீப்பாதுகாப்பு இருந்தே தீர வேண்டும் என்று உத்தரவிட்டது. தனி வீட்டுக்காரனை யாரும் கேட்பதில்லை. அவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்டுக்கொள்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். கரும்பு வெட்டும் காலத்தில் தூசியும் கரியும் பறக்கும். மெல்லிய தூரிகையால் துடைத்துவிடுங்கள். பத்து ஆண்டானதும் கருவியையே மாற்றிவிடுங்கள். இது எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்காது. அதற்கு வேறு கருவி. மணி அடித்தால் நகைப் பெட்டியைத் தேடாதீர்கள். குழந்தைகளோடு வெளியே போய், பிறகு 101-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று இரவு படுக்கும் முன் விளக்கை அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்து வாசற்கதவு வரையில் ஒரு முறை நடந்து பாருங்கள். வழியில் எது காலில் இடறுகிறது, எந்தக் கதவுக்குப் பூட்டு, அந்தப் பூட்டுக்குச் சாவி எங்கே என்று பாருங்கள். மணி எழுப்பத்தான் செய்யும், கதவைத் திறந்துவிடாது. அந்தக் காலைவேளையில் கும்பகோணத்துக் குழந்தைகள் எல்லோரும் விழித்துத்தான் இருந்தார்கள்.