பேறுகால விடுப்பு: மலைக்கு இந்தப் பக்கம் 180 நாள், அந்தப் பக்கம் 365 நாள்... உங்கள் கணக்கை எப்படிப் போடுவது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது காந்தலூர். பூண்டு, கேரட், ஆப்பிள் விளையும் மலைக்கிராமம். 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமத்துக்கான தங்க விருதை வாங்கிய பிறகு, ரிசார்ட்டும் ஹோம்ஸ்டேயும் பெருகிவிட்டன. இங்கிருந்து இறங்கி மறையூர், சின்னாறு வழியாகப் போனால் உடுமலைப்பேட்டை. இந்த ஒரே பாதையில் நான்கு பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் கேரள அரசுப் பள்ளி ஆசிரியை. அவருக்கு 180 நாள் சம்பளத்துடன் விடுப்பு. இரண்டாமவர் உடுமலையில் தமிழ்நாடு அரசு ஊழியர். 2021 ஜூலை 1 முதல் அங்கே 12 மாதம். மூன்றாமவர் ஊரிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கும் ஐ.டி. ஊழியர். அவருக்கு 26 வாரம், அதாவது 182 நாள். நான்காமவர் ஆறு பேர் வேலை செய்யும் ஹோம்ஸ்டேயில் வரவேற்பாளர். சட்டப்படி அவருக்கு முதலாளியிடமிருந்து கிடைக்க வேண்டியது பூஜ்ஜியம்.

குழந்தை ஒரே மாதிரிதான் பிறக்கிறது, விடுப்புதான் வேறுபடுகிறது. அதனால் திட்டமிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள் என்பதுதான்.

எந்தச் சட்டம் இப்போது நடப்பில் இருக்கிறது?

நம்மில் பலரும் '1961 சட்டம்' என்று சொல்லிப் பழகிய மகப்பேறு நலச் சட்டம், 2017-இல் திருத்தப்பட்டு 12 வாரத்தை 26 வாரமாக்கியது. 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்ததால், அந்த விதிகள் இப்போது 'சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020'-க்குள் போய்விட்டன. பெயர் மாறியதே தவிர, அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். உயிருடன் இரண்டு குழந்தைகள் இருக்கும்போது அடுத்த பிரசவத்துக்கு 12 வாரம்.

தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். கடைகளும் மற்ற நிறுவனங்களும் என்றால் 10 பேராவது வேலையில் இருக்க வேண்டும். மூணாறு பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களுக்கு உரிமை உண்டு. ஆனால் காந்தலூரில் சிறு காய்கறித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு இல்லை. கேரளத்தில் தனியார் கல்வி நிறுவன ஊழியர்களும் 2020-இல் இந்த வரம்புக்குள் கொண்டுவரப்பட்டார்கள்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பைப் பார்த்தால், வேலையில் இருக்கும் பெண்களில் மாதச் சம்பள வேலையில் இருப்பவர்கள் ஏறக்குறைய 16 சதவீதம்தான். '26 வாரம்' என்று தலைப்புச் செய்தி வரும்போதெல்லாம் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

80 நாள் விதி: வேலை மாறுகிறவர்கள் கவனிக்க

பிரசவத் தேதி என்று மருத்துவர் குறித்துத் தரும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில், விடுப்பு கேட்கும் அதே நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். சம்பளத்துடன் கூடிய சட்டபூர்வ விடுமுறை நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். பழைய கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்தது இங்கே உதவாது, கணக்கு புது கம்பெனியில் முதல் நாளிலிருந்துதான் தொடங்கும்.

வாரம் 5 நாள் வேலை என்று கடுமையாக எண்ணினாலும் 80 நாள் என்பது 16 வாரம். எனவே புது வேலையில் சேரும் நாளுக்கும் விடுப்பு தொடங்கும் நாளுக்கும் இடையே நான்கு மாதம் இருந்தால் பிரச்னை இல்லை. மூன்றாவது மாதத்தில் ஆஃபர் லெட்டர் வந்தால் தாராளமாகச் சேரலாம். ஆறாவது மாதத்தில் வந்தால் காலண்டரை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒப்பந்த வேலை என்றால்? விடுப்பின் நடுவே ஒப்பந்தம் முடிந்தாலும், 80 நாள் நிபந்தனையை நிறைவேற்றியிருந்தால் முழுக் காலத்துக்கும் பலன் உண்டு. டெல்லியைச் சேர்ந்த ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில் 2023 ஆகஸ்ட் 17-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். 'கான்ட்ராக்ட் முடியுது, அதனால லீவும் முடியுது' என்று எச்.ஆர். சொன்னால், கவிதா யாதவ் வழக்கு என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

சரி, எப்போது விடுப்பை ஆரம்பிப்பது?

26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைத்தான் பிரசவத் தேதிக்கு முன்னால் எடுக்க முடியும். குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. இதுதான் திட்டமிடலின் மையம்.

பிரசவத் தேதி 2026 நவம்பர் 15 என்று வைத்துக்கொள்வோம். முழு 8 வாரத்தையும் முன்னால் எடுத்தால் விடுப்பு செப்டம்பர் 20-இல் தொடங்கும், 182-ஆவது நாள் 2027 மார்ச் 20. வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம். ஒரு வாரம் மட்டும் முன்னால் எடுத்து, நவம்பர் 8-இல் தொடங்கினால் விடுப்பு மே 8 வரை நீளும். அப்போது குழந்தைக்கு ஆறு மாதம் நிறைய ஒரு வாரம்தான் பாக்கி. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த இலக்கு உங்களுக்கு முக்கியம் என்றால், பிரசவத்துக்கு முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் இருந்து கழிகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் கடைசி வாரம் வரை வேலை பார்ப்பது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. காந்தலூரில் இருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: மூணாறுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. உடுமலைக்குப் போகலாம் என்றால் யானை நடமாடும் காட்டு வழி. வலி எடுத்த பிறகு கிளம்பலாம் என்று இருக்க முடியாது.

இங்கேதான் நம்ம வழக்கமும் சட்டமும் இடிக்கின்றன. ஏழாம் மாதத் தொடக்கத்தில் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குக் கிளம்பினால், பிரசவத் தேதிக்கு இன்னும் 12, 13 வாரம் இருக்கும். சட்டம் கொடுப்பது 8 வாரம். மிச்சமுள்ள 4, 5 வாரத்துக்கு என்ன செய்வது? சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு, அல்லது அம்மா வீட்டிலிருந்தே வேலை. ஒன்பதாம் மாத வளைகாப்பு என்றால் இந்தச் சிக்கலே இல்லை, எல்லாம் 8 வாரத்துக்குள் அடங்கிவிடும். மாமியாரிடம் இதைச் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.

விடுப்பை மட்டுமே நம்ப வேண்டியதும் இல்லை. பிரசவத்துக்கு முந்தைய 6 வாரத்துக்கும் முன்னால் வரும் ஒரு மாதத்தில், நீங்கள் கேட்டால் நீண்ட நேரம் நிற்கும் வேலையையோ கடினமான வேலையையோ நிறுவனம் கொடுக்கக் கூடாது. சரிவில் நின்று கொழுந்து பறிப்பவருக்காக எழுதப்பட்டது போலத் தெரியும் இந்த விதி, நகைக்கடை கவுன்ட்டரில் நாள் முழுக்க நிற்பவருக்கும் பொருந்தும். வாய்வழியாகக் கேட்காமல் எழுதிக் கேளுங்கள்.

கருச்சிதைவு ஏற்பட்டால் 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால், மருத்துவச் சான்றுடன் கூடுதலாக ஒரு மாதம். இந்த இரண்டும் பல கம்பெனிகளின் பாலிசி கையேட்டில் கண்ணில் படாத இடத்தில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் உண்டா?

உண்டு. இதை உறுதிசெய்தது ஒரு தோட்டத் தொழிலாளி என்பது பலருக்குத் தெரியாது.

1967 டிசம்பரில் மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அப்போது சட்டம் கொடுத்தது 12 வாரம். நிர்வாகம் 72 நாளுக்குப் பணம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சம்பளம் இல்லாத நாள், அதனால் 12 ஞாயிறுகளைக் கழித்துவிட்டோம் என்பது அவர்கள் வாதம். வாரம் என்றால் 7 நாள், எனவே 84 நாள் கூலி வேண்டும் என்று அவர் கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1977 அக்டோபர் 12-இல் தீர்ப்பு வந்தது: வாரம் என்பது ஞாயிறு உட்பட 7 நாள்.

வெறும் 12 நாள் கூலிக்கான வழக்கு அது. அதன் பலன்தான் இன்று 26 வாரம் என்பது 182 நாள். அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால், தினக்கூலிக்காரர்களுக்கு 156 நாள் என்று கணக்குப் போட வழி இருந்திருக்கும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நாள் கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள் மட்டும் வரும் தொகையை 182-ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் சராசரி நாள் கூலி வர வேண்டும்.

முழுச் சம்பளமும் வருமா?

இதில்தான் புதிய தொகுப்பு கொஞ்சம் குழப்புகிறது. விடுப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை பார்த்த நாட்களின் சராசரி ஊதியம்தான் அடிப்படை. ஆனால் 'ஊதியம்' என்ற சொல்லுக்கு இப்போது புது விளக்கம் வந்திருக்கிறது. வீட்டு வாடகைப் படி, பயணப் படி, கமிஷன், ஓவர்டைம் போன்றவை அதில் சேராது. இப்படி விலக்கப்பட்டவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டும் ஊதியமாகக் கணக்கிடப்படும்.

மாதம் 60,000 ரூபாய் வாங்குகிறீர்கள், அதில் 35,000 விலக்கப்பட்ட படிகள் என்றால், பாதியைத் தாண்டிய 5,000 ஊதியத்தில் சேரும். சட்டப்படியான அடிப்படை 30,000. பெரிய நிறுவனங்கள் வழக்கமாக முழுச் சம்பளத்தையே தருகின்றன. உங்கள் நிறுவனம் எதைத் தரும் என்பதை ஐந்தாம் மாதத்திலேயே மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. இருப்பவர்களுக்கு இந்த ஒரு மெயில் முக்கியம்.

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் (மாதம் 21,000 ரூபாய் வரை), பணம் நிறுவனத்திடமிருந்து வராது, ஈ.எஸ்.ஐ. கழகத்திடமிருந்து வரும். அங்கே நிபந்தனை, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் பங்களிப்பு.

ஈ.எஸ்.ஐ. தவிர்த்த மற்ற இடங்களில் மொத்தச் செலவும் முதலாளியின் தலையில்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை இதைத் தனி முதலாளி மேல் சுமத்தக் கூடாது என்கிறது, இந்தியா அதை ஏற்கவில்லை. சிங்கப்பூரில் 16 வார விடுப்பில், முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பாதிச் செலவை அரசு ஏற்கிறது. நேர்முகத் தேர்வில் 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்ற கேள்வி நம்மூரில் ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அந்த நான்காவது பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

சட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அரசு உதவித்தொகைதான். பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் 6,000. அங்கன்வாடியில் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய்: 14,000 பணமாக, 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. கேரளத்தில் பழங்குடிக் கர்ப்பிணிகளுக்கு ஜனனி ஜன்ம ரக்ஷா திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு. எதுவும் ஆறு மாதச் சம்பளத்துக்கு ஈடாகாது.

எல்லை தாண்டி அம்மா வீட்டில் பிரசவம் பார்ப்பவர்கள் ஒன்றைச் செய்தாக வேண்டும். மறையூரில் பதிவு செய்திருந்தாலும், தமிழ்நாட்டு மருத்துவமனையில் பிக்மி எண் வாங்குங்கள். அங்கே பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவை. கேரள அட்டையைத் தூக்கிப் போடாமல் இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

மூன்றாவது குழந்தை என்றால்?

தனியார் துறையில் 12 வாரம் உறுதி. தமிழ்நாடு அரசுப் பணியில் இரண்டுக்கு மேல் கிடையாது என்ற விதியால், தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளும் முன்னாள் கணவரிடம் இருந்தார்கள், மறுமணத்தில் பிறந்த குழந்தைக்காக அவர் விடுப்பு கேட்டிருந்தார். 2025 மே 23-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமைகளின் ஒரு பகுதி என்றது. உமாதேவி வழக்கு என்று தேடினால் கிடைக்கும்.

திரும்பி வரும்போது

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, பாலூட்ட தினம் இரண்டு இடைவேளை. வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பேசி முடிவு செய்யலாம். இது உரிமை அல்ல, இருதரப்பு ஒப்பந்தம். அதனால் விடுப்பில் போகும் முன்பே பேசி எழுதி வாங்குவது நல்லது.

விடுப்பு நோட்டீஸில் மூன்று விஷயங்கள் போதும்: எந்தத் தேதி முதல் விடுப்பு, பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும், அந்தக் காலத்தில் வேறு இடத்தில் வேலை பார்க்க மாட்டேன் என்ற உறுதி. முன்கூட்டிக் கொடுக்க முடியாமல் குழந்தை பிறந்துவிட்டால், பிறந்த பிறகும் கொடுக்கலாம். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை, கர்ப்பச் சான்றைக் காட்டியதும் முன்பணமாகத் தர வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினால் அது சட்டவிரோதம். நீக்க உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலாளர் துறையில் முறையிட வேண்டும். பச்சிளம் குழந்தையோடு அந்த 60 நாள் வேகமாக ஓடிவிடும். அதனால் நியமனக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அனுப்பிய மெயில்கள் எல்லாவற்றையும் விடுப்பு தொடங்கும் முன்பே சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி லாகின் முடங்கிய பிறகு அவற்றை எடுக்க முடியாது.