கொல்கத்தாவில் காணும் மரங்கள், கொடிகள்: அடையாளம் அறிவது எப்படி?

கொல்கத்தா: சாலையோர மரங்களையும் வேலிக் கொடிகளையும் பூக்கும் காலத்தில் மட்டுமே பலரும் அடையாளம் காண்கின்றனர். இலை, பால், காய், கொடி பற்றி ஏறும் விதம் ஆகியவற்றைக் கவனித்தால் ஆண்டு முழுவதும் அவற்றை அறியலாம். மருந்துக்காகக் கொடிகளைப் பறிப்போருக்கு இந்த அறிவு இன்றியமையாதது.

ஆல், அரசு: தடித்த நீள்வட்ட இலையும் கிளைகளிலிருந்து இறங்கும் விழுதுகளும் ஆலமரத்தின் அடையாளங்கள். கொல்கத்தாவை அடுத்த ஹவுரா, சிவ்பூரில் 1787-இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவில் 250 ஆண்டுகளைக் கடந்த பெரிய ஆலமரம் உள்ளது. நோயுற்ற அதன் அடிமரம் 1925-இல் அகற்றப்பட்ட பின்னரும், விழுதுகளைக் கொண்டே அம்மரம் வாழ்ந்து வருகிறது. அரச மரத்தின் இலை இதய வடிவமும் வால் போன்று நீண்ட நுனியும் உடையது.

ஏழிலைப்பாலை: மேற்கு வங்கத்தின் மாநில மரமான இது வங்க மொழியில் 'சாத்திம்' எனப்படுகிறது. ஒரே கணுவைச் சுற்றிப் பெரும்பாலும் ஏழு இலைகள் வரை வட்டமாக அமைந்திருக்கும். இலையைக் கிள்ளினால் வெண்பால் வடியும். துர்கா பூஜையை ஒட்டிய நாள்களில் இரவு நேரத்தில் இதன் பூமணம் தெருவெங்கும் பரவும்.

மயில்கொன்றை, இயல்வாகை: இரண்டின் இலைகளும் இறகு போன்றவை, எனவே காயைப் பார்க்க வேண்டும். சிவந்த பூக்கள் கொண்ட மயில்கொன்றையின் காய் வாள் போல நீண்டு, மரக்கட்டை போல் கடினமாக இருக்கும். மஞ்சள் பூக்கள் கொண்ட இயல்வாகையின் காய் குட்டையானது, தட்டையானது, செம்பு நிறமுடையது.

கொடிகள்: சங்குப்பூக் கொடி தண்டினாலேயே சுற்றி ஏறும். காகிதப்பூ முள்ளை ஊன்றிப் படரும். ரங்கூன் மல்லியின் பூ மாலையில் வெண்மையாக மலர்ந்து, பின்னர் இளஞ்சிவப்பாகவும் சிவப்பாகவும் மாறும்.

சீந்தில்: இதய வடிவ இலை, காகிதம் போல் உரியும் மெல்லிய தோல், நூல் போல் தொங்கும் வேர்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். இதே போன்ற இலையுடைய மற்றோர் இனத்தின் தண்டில் முண்டுகள் அடர்ந்திருக்கும். அந்த இனத்தைச் சீந்தில் எனக் கருதி உட்கொண்டால் தீங்கு நேரலாம் என மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2022 பிப்ரவரியில் எச்சரித்தது. இலையை மட்டும் நம்பாமல் தண்டையும் பார்ப்பது அவசியம். ஐயம் எழுந்தால், பதிவு பெற்ற மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.