மாரடைப்புச் சிகிச்சையில் செவிலியரின் அதிகாரம் (1912–1967)

இதயத் தமனியின் திடீர் அடைப்பு உடனடி மரணத்தையே விளைவிக்கும் என்பதில்லை என 1912இல் ஜேம்ஸ் ஹெரிக் விளக்கினார். அதன்பின் நோயாளியை வாரக்கணக்கில் அசையாது படுக்கவைத்தலே முதன்மைச் சிகிச்சையாயிற்று. உணவூட்டுதல், உடல் துடைத்தல் முதலியன செவிலியர் பணிகளாயின. 1952இல் லெவினும் லவுனும் நோயாளியை நாற்காலியில் அமர்த்தும் முறையை முன்வைத்து இவ்வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தினர்.

எனினும், துடிப்பு ஒழுங்கிழந்து இதயம் நடுங்கும் நிலையில் சில நிமிடங்களில் மரணம் நேரும். மின்னதிர்ச்சியால் அதனைத் தடுக்கும் கருவி 1950களிலேயே கிடைத்தது. ஆனால் உரிய நேரத்தில் மருத்துவர் அருகில் இருப்பதில்லை. இந்நோயாளிகளை ஒரே கூடத்தில் வைத்துத் தொடர்ந்து கண்காணிக்கலாம் என்று 1961இல் டெஸ்மண்ட் ஜூலியன் முன்மொழிந்தார். 1962இல் கான்சாஸ் நகரில் ஹியூஸ் டே அத்தகைய பிரிவைத் தொடங்கினார். பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சர், இதயத் துடிப்பு வரைவைப் படித்தறியவும் மின்னதிர்ச்சி அளிக்கவும் செவிலியரைப் பயிற்றுவித்தார். செவிலியர் ரோஸ் பின்னியோ இணையாசிரியராக விளங்கிய பயிற்சிக் கையேடு 1965இல் வெளிவந்தது.

1967இல் கில்லிப், கிம்பால் ஆகியோர் 250 நோயாளிகள் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அதன்படி, அதிர்ச்சி நிலைக்கு உட்படாதோரின் இறப்பு பொதுக்கூடத்தில் 26 விழுக்காடாகவும் இதயப் பிரிவில் 7 விழுக்காடாகவும் இருந்தது. மருத்துவரை எதிர்நோக்காது செயற்படும் உரிமை செவிலியருக்கு வழங்கப்பட்டமை இம்மாற்றத்திற்கு முக்கியக் காரணமாகும். எனவே இதயப் பிரிவின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் எழுதுதல் முழுமையாகாது. அது அதிகாரப் பகிர்வின் வரலாறும் ஆகும்.